மறுநாள் தாளும் மொய் நோட்டும்

போன வாரம் சரண்யா என் கைப்பேசிக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சங்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். திருச்சியில் சமூகப்பணி படித்துவிட்டு வந்தவள், கெட்டிக்காரி. சங்கம் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக் கிராமங்களிலும் மாலை மையங்கள் நடத்துகிறது. பள்ளி முடித்து அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அங்கே கம்ப்யூட்டர், தேர்வுப் பயிற்சி, போலீஸ் வேலைக்கு ஓட்டம் எல்லாம் உண்டு. இவற்றுக்கெல்லாம் பணம் தேடுவது என் வேலையாக இருந்தது. தேடிய பணம் ஒரு நாள் நின்றுபோன பிறகும் மையம் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். முதலாவது சுலபம்.

படிவத்தில் பதினான்காவது கேள்வி இது: "நிதிக்காலம் முடிந்த பின் இத்திட்டம் எவ்வாறு தொடரும்? இருநூறு சொற்களில் விளக்குக." அதன் கீழே சரண்யா எழுதியிருந்தாள்: "சார், இதுக்கு என்னத்த எழுதறது? வழக்கம்போல சமூகப் பங்களிப்புன்னு போட்டுடவா?"

அவ்வளவுதான், எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. காலைக் காபியை ஆற விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆகியும் ஆட்டம் அடங்கவில்லை என்று என் மனைவி சொல்லிக்கொண்டே போனாள். அடங்காதுதான். அந்தப் பதினான்காவது கேள்விக்குத்தான் நான் என் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறேன். அதை இருநூறு சொல்லில் அடக்கு என்றால் எப்படி?

நான் அரியலூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவன். சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம். சங்கத்தில் தமிழும் இங்கிலீஷும் அடிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் பெரம்பலூர் போனேன். அடிக்கப் போனவன் திருத்த ஆரம்பித்தேன், திருத்தியவன் எழுத ஆரம்பித்தேன். நாலைந்து வருஷத்தில் நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பம் எல்லாம் என் கை வழியாகத்தான் போயிற்று. ஆபீசில் என் பெயரே மறைந்து 'புரபோசல் சார்' ஆகிவிட்டேன். கலியபெருமாள் என்று கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். எங்கள் செயலாளர் ராஜாமணி டீச்சர்.

டீச்சர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். நான் எழுதிய விண்ணப்பத்தை உட்கார்ந்து படிக்க மாட்டார். நின்றுகொண்டு உரக்கப் படிப்பார். ஆபீஸ் முழுக்கக் கேட்கும். 'சிறப்பான பயிற்சி' என்று இருந்தால் நிறுத்துவார்.

"சிறப்பானதுன்னு யாரு சொன்னா கலியபெருமாள்?"

"நம்மதான் டீச்சர்."

"நம்மளைப் பத்தி நம்மளே சொல்லிக்கக் கூடாது." பென்சில் இறங்கும், 'சிறப்பான' போய்விடும். இப்படி 'சிறப்பான', 'மகத்தான', 'முழுமையான' எல்லாம் போன பிறகு என் இருபது பக்கம் பதினொன்றாகிவிடும். முதல் வருஷம் எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு அந்தப் பதினொரு பக்கத்துக்குப் பணம் கிடைப்பதைப் பார்த்தேன், ஆத்திரம் போய்விட்டது.

அவர் ஏற்படுத்திய முக்கியமான வழக்கம் வேறு. பணம் ஒதுக்கிக் கடிதம் வரும் நாளில் எல்லா ஆபீசிலும் இனிப்பு வாங்குவார்கள். எங்கள் ஆபீசிலும் வாங்குவோம். ஆனால் டப்பாவை டீச்சர் தன் மேசையில் வைத்து மூடிவிடுவார். எல்லாருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் வரும். அதன் தலைப்பில் 'மறுநாள்' என்று எழுத வேண்டும். இன்று வந்த பணம் மூன்று வருஷம் கழித்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, நின்ற மறுநாள் காலை என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். யார் வந்து கதவைத் திறப்பார்? கரண்ட் பில்லை யார் கட்டுவார்? யார் பாடம் நடத்துவார்? மூன்றுக்கும் ஊர்க்காரர் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். 'பொதுமக்கள்' என்று எழுதினால் தாள் திரும்பி வரும். எல்லாருடைய தாளும் தேறிய பிறகுதான் டப்பா திறக்கும். ஒரு தடவை மைசூர்பாகு டப்பா நான்கு நாள் மூடியபடியே கிடந்து எறும்பு வந்துவிட்டது.

நான்காவது கேள்வி ஒன்று பின்னால் சேர்ந்தது. அது சேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் ஒரு மையம் தொடங்கினோம். பணம் கொட்டியது. பத்துக் கம்ப்யூட்டர், குளிர்சாதனம், சுவரெல்லாம் படம். நான் எழுதியதிலேயே நல்ல விண்ணப்பம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். மறுநாள் தாளில் மூன்று பெயரும் இருந்தன. மூன்று வருஷம் ஓடியது, பணம் நின்றது. கதவு திறப்பார் என்று நாங்கள் எழுதியிருந்தவர் திருப்பூர் போயிருந்தார். கரண்ட் பில் கட்டுவார் என்று எழுதியிருந்தவர் இரண்டு மாதம்தான் கட்டினார். மூடிய அன்று கம்ப்யூட்டர்களை மினி லாரியில் ஏற்ற நானும் டீச்சரும் போயிருந்தோம். எதிரில் டீக்கடை, பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. ஒருவர் மட்டும் பெஞ்சிலிருந்தபடியே, "அந்த மேசையை விக்கிறீங்களா சார்?" என்று கேட்டார்.

லாரி கிளம்பிய பிறகு டீச்சர் சொன்னார்: "ஏன் மூடறீங்கன்னு ஒருத்தர்கூட கேக்கல பாத்தியா. நாம நடத்துனது நமக்காகத்தான் போல இருக்கு." எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த திட்டத்திலிருந்து மறுநாள் தாளில் நான்காவது கேள்வி வந்தது. மூடினால் யார் நம்மோடு சண்டைக்கு வருவார்?

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எறையூர் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மையம். கரும்புக்காரர்கள், கரும்பு வெட்டுபவர்கள், கொத்தனார், பெயிண்டர் என்று கலந்த ஊர். எங்கள் மையங்களிலேயே பெண்பிள்ளைகள் அதிகம் வந்தது அங்கேதான். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று ஆறு வருஷம் நிதி கொடுத்தது. பிறகு ஒரு காலையில் மின்னஞ்சல் வந்தது. எங்கள் முன்னுரிமைகள் மாறிவிட்டன, ஆறு மாதத்தில் நிதி நிற்கும், வாழ்த்துகள்.

அன்று சாயங்காலமே மையத்துக்குப் போய்ச் சொன்னோம். பவித்ரா என்று ஒரு பெண், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், எழுந்து நின்றாள். "மையம் இருக்கிற வரைக்கும் படின்னு சொல்லியிருக்காங்க சார். மூடிட்டீங்கன்னா வூட்டுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு மட்டும் இல்ல, இங்க இருக்கிற பாதிப் பேருக்கும் அதான் நெலம." அவள் அழவில்லை. நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வையோடுதான் நான் பஸ் ஏறினேன்.

அந்தச் சமயத்தில் டீச்சர் கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். எனக்கோ ஒரு யோசனை உதித்துவிட்டது. உதித்தால் பிறகு எனக்குப் பொறுக்காது. எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் மொய் எழுதாமல் யாரும் சாப்பிட்டுவிட்டுப் போக மாட்டார்கள். நன்கொடை என்று கேட்டால் பத்து ரூபாய்க்கு யோசிக்கிறவர், மொய் என்றால் தாராளமாக எடுத்து நீட்டுவார். மையத்துக்கே ஒரு விசேஷம் வைத்தால் என்ன?

வைத்தேன். ஆனி மாதம், முகூர்த்த நாள் பார்த்து. மஞ்சள் தடவிய பத்திரிகை, வாழைமரம், ஷாமியானா, சவுண்ட் சர்வீஸ், சாம்பார் சாதம், வடை, பாயசம். ஊரில் ஒரு வீடு விடாமல் பத்திரிகை வைத்தோம். வாசலில் மேசை போட்டு, கடையில் வாங்கிய மொய் நோட்டை வைத்து நானே உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு பெயரையும் மைக்கில் படித்தார்கள். பெயர் ஒலிக்க ஒலிக்கக் கூட்டம் சேர்ந்தது. கரும்பு விவசாயி தங்கராசு, ஊரில் செல்வாக்குள்ளவர், எல்லாரையும்விடப் பெரிய மொய் வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். நான் ஒவ்வொருவருக்கும் முறையாகச் சங்கத்தின் நன்கொடை ரசீதும் கொடுத்தேன். சாயங்காலம் பார்த்தால் மையம் ஒன்றரை வருஷம் ஓடப் போதுமான பணம். அன்று தரையில் கால் பாவாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். மொய் நோட்டை அவர் மேசையில் வைத்து நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டினார்.

"இந்த நோட்டை யாரு வாங்கினது?"

"நான்தான் டீச்சர்."

"ம்" என்றார்.  பாராட்டவில்லையே என்று எனக்கு வருத்தம்கூட.

ஆடி போனது. ஆவணி பிறக்கும் முன் ஒரு நாள் காலை தங்கராசு மனைவியோடு ஆபீசுக்கு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், மேலே பத்திரிகை. எங்களை நிற்கச் சொல்லிக் கொடுத்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேங்க. சிறுவாச்சூர்ல மண்டபம். மையத்துலேருந்து குடும்பத்தோட வந்துடணும். அன்னிக்குப் பெரிய மொய்யா செஞ்சது நான்தான், நீங்க வந்து செய்யறதை ஊரே பாக்கும்."

அவர் படியிறங்கும் வரை நான் சிரித்த முகத்தோடு நின்றேன். பிறகு பத்திரிகையை எடுத்துத் திரும்பப் படித்தேன். அந்த வாரம் முடிவதற்குள் என் மேசையில் ஒன்பது பத்திரிகைகள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, ஒரு மஞ்சள் நீராட்டு. எல்லாவற்றிலும் மேலே 'மாலை மையம்' என்று எழுதியிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மொய் வாங்கியவன் திருப்பிச் செய்ய வேண்டும். இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும், அப்போதுதான் உறவு தொடரும். சரியாக அதே அளவு செய்தால் இத்தோடு சரி என்று அர்த்தம். செய்யாமலே விட்டால் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. இதே மண்ணில் பிறந்து வளர்ந்த நான், என் வீட்டு மொய் நோட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் நான், வாங்கும்போது மட்டும் இதை மறந்துவிட்டேன். நோட்டை யாரு வாங்கினது என்று டீச்சர் ஏன் கேட்டார் என்பதும் அப்போதுதான் புரிந்தது; நோட்டு யாருடையதோ, கடனும் அவருடையது.

திருச்சியில் இருந்த எங்கள் ஆடிட்டருக்குப் போன் போட்டேன்.

"ரசீது போட்டீங்களா சார்?"

"போட்டேன்."

"அப்ப அது நன்கொடை. சங்கத்துப் பணத்தை எடுத்து ஒருத்தர் வூட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்க முடியாது. ஒரு ரூபா வச்சாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ரசீது நன்கொடை என்கிறது, நோட்டு மொய் என்கிறது. இரண்டும் என் கையெழுத்து. ஊரில் இருநூறு வீட்டுக்கு மேல் செய்ய வேண்டியிருக்கிறது. முதல் கல்யாணத்தில் செய்யாவிட்டால் தங்கராசுவுக்கு ஊர் முன்னால் அவமானம். அதன்பின் அந்த ஊரில் யார் தன் பெண்ணை எங்கள் மையத்துக்கு அனுப்புவார்? காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி நானே மூடப்போகிறேன் என்று தோன்றியது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் டீச்சரிடம் போய், "வேலையை விட்டுடறேன் டீச்சர்" என்றேன்.

"உக்காரு" என்றார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "மறுநாள் தாளை எழுது."

"இப்ப போயா டீச்சர்?"

"நாலாவது கேள்வியிலேருந்து எழுது. மூடினா யாரு சண்டைக்கு வருவா?"

யோசித்தேன். தங்கராசு வருவார். பத்திரிகை வைத்த ஒன்பது பேரும் வருவார்கள். மொய் எழுதிய அத்தனை பேரும் என் மொய் என்னாச்சு என்று சட்டையைப் பிடிப்பார்கள். எழுதிக்கொண்டே போனேன், தாள் நிரம்பிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல இந்தக் கேள்விக்கு ஒரு தாள் நெறைஞ்சு நான் பாத்ததில்ல. வெளிநாட்டுக்காரன் ஒரு மெயில் போட்டுட்டுப் போயிட்டான். இவங்க யாரும் நம்மளை விட்டுப் போக முடியாது, நாமளும் போக முடியாது. நீ செஞ்சது தப்புதான். ஆனா நல்ல தப்பு. பணமா செய்ய முடியாது, சரி. வேற என்னவா செய்யலாம்னு புள்ளைங்களைக் கேளு."

கேட்டோம். மையத்தில் எல்லாரையும் உட்கார வைத்து விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். பந்தி பரிமாறலாம் என்றான் ஒருவன். வண்டி நிறுத்துமிடம் பார்த்துக்கொள்ளலாம் என்றான் இன்னொருவன். பவித்ரா மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

"சார், எங்க அக்கா கல்யாண மொய் நோட்டுல முருகேசன், மேலத்தெருன்னு மூணு பேரு இருக்காங்க. அப்பா பேரு இல்ல, இனிஷியல் இல்ல. யாருக்குத் திருப்பிச் செய்யறதுன்னு அப்பா இன்னும் முழிக்கிறாரு. பாதி எழுத்து பாயசம் கொட்டி அழிஞ்சு போச்சு. மொய் எழுதற வேலையை நாம செஞ்சா என்ன? கம்ப்யூட்டர்ல அடிச்சு, தெரு வாரியா பிரிச்சு, அன்னிக்கே பிரிண்ட் போட்டுக் குடுத்துடலாம்."

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த நிதி ஒதுக்கீட்டுக் கடிதமும் தந்ததில்லை. ஓடிப் போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தாளில் யார் பாடம் நடத்துவார் என்ற மூன்றாவது கேள்விக்கு எதிரே பவித்ரா என்று எழுதினார்.

தங்கராசு வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "பணமா மையம் செய்ய முடியாதுங்க, சட்டம் விடாது. உங்க வூட்டு மொய்யை எங்க புள்ளைங்க எழுதித் தருவாங்க" என்றேன்.  "பொம்பளப் புள்ளைங்களா?" என்றார். "ஆமாங்க." உள்ளே போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்து, "சரி, பாப்பம்" என்றார்.

பத்து நாள் ஒத்திகை. மையத்திலேயே பொய்க் கல்யாணம் நடத்தினோம். நான் தண்ணி போட்டுவிட்டு வரும் பங்காளியாக வந்து, வைத்த மொய்யை வைக்கவில்லை என்று ரகளை செய்தேன். டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அத்தையாக வந்தார். "எழுது எழுது, சீக்கிரம், நாலு மணி பஸ் போயிடும்" என்று அவர் போட்ட போட்டில் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். ஆனால் கேள்விகளில் மட்டும் டீச்சர் விளையாட விடவில்லை. பெயர், அப்பா பெயர், ஊர், தெரு, என்ன உறவு. யார் வந்தாலும் ஐந்தையும் கேட்க வேண்டும். தெரிந்த முகம் என்று விடக் கூடாது. ஆறாவது கட்டத்தைப் பவித்ரா சேர்த்தாள். அந்த வீட்டோடு ஏற்கெனவே மொய் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் என்றால் 'பழையவர்', முதல் தடவை என்றால் 'புதியவர்'. கம்ப்யூட்டரில் அடிக்க ஒருத்தி, நோட்டில் எழுத ஒருத்தி, பணம் வாங்க ஒருத்தி, ரசீது கொடுக்க ஒருத்தி.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் நான்கு பெண்களும் ஒரே நிறத்தில் புடவை கட்டி உட்கார்ந்தார்கள். முகூர்த்தம் முடிந்து கூட்டம் மேசைக்கு வந்ததும், தங்கராசுவின் தாய்மாமன் சின்னசாமி முன்னால் வந்து நின்றார். அதுவரை அந்தக் குடும்பத்து மொய்யெல்லாம் எழுதி வந்தவர் அவர்தான்.

"இதென்னடா புதுப் பழக்கம்? பொட்டப்புள்ளைங்க மொய் எழுதி நான் பாத்ததே இல்ல. எந்திரிங்க."

பவித்ரா எழவில்லை.  டீச்சர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் குறுக்கே பாயக்கூடாது என்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாலையும் கழுத்துமாகத் தங்கராசு வந்தார்.

"மாமா, பெரியவன் கல்யாணத்துக்கு நீங்க எழுதின நோட்டைப் படிக்க ஆள் தேடி நாலு வருஷமா அலையறேன். இதை அவங்க எழுதட்டும். நீங்க வந்து மொத மொய்யை வைங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னசாமி ஒரு நிமிஷம் உர்ரென்று நின்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப் பையில் கைவிட்டார். "பேரு சொல்லுங்க தாத்தா" என்றாள் பவித்ரா. "என்னைத் தெரியாதா உனக்கு?" "தெரியும் தாத்தா, ஆனா கேக்கணும்." அவர் ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னார்.

அதன்பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எப்போதும் மொய் மேசைப் பக்கம் ஆண்கள்தான் வருவார்கள். பெண்கள் பணத்தைக் கணவனிடம் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். அன்று எழுதுவது பெண்பிள்ளைகள் என்றதும் ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்தார். கணவர் போய்ப் பல வருஷம் ஆனவர். "இத்தனை நாளும் என் மவன் பேருலதான் எழுதிட்டு வர்றேன். எம் பேருல எழுதுவியா கண்ணு?" என்று கேட்டார். "ஏன் எழுத மாட்டேன், சொல்லுங்க." மைக்கில் அந்த அம்மாவின் பெயர் ஒலித்தது. பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் பெண்களுக்கென்று தனி வரிசையே நின்றது. டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சையால் நீர் வடிகிறது என்றார். நான் நம்பினமாதிரி இருந்துகொண்டேன்.

மூன்று மணிக்குத் தெரு வாரியாகப் பிரித்த பட்டியல் தங்கராசுவின் கையில் இருந்தது. பணமும் பட்டியலும் அச்சாகப் பொருந்தின. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு மைக்கை வாங்கினார்.

"மாலை மையத்து மொய் வந்து சேந்துடுச்சு. நான் செஞ்சதுக்கு மேலயே செஞ்சிட்டாங்க. இப்ப நான்தான் அவங்களுக்குச் செய்யணும். வர்ற ஆனியிலயும் மையத்துக்கு விசேஷம் வைங்க, வந்து செய்வேன்."

செய்தார். அவர் மட்டுமில்லை. அந்த ஆவணியில் ஒன்பது விசேஷத்திலும் பிள்ளைகள் போய் எழுதினார்கள். ஐப்பசியில் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, எங்களுக்கும் எழுதித் தர முடியுமா, என்ன கூலி என்று கேட்டார்கள். டீச்சர் ஒரு விதி போட்டார். மையத்துக்கு மொய் வைத்த வீட்டுக்கு இலவசம், மற்றவர்களுக்குக் கட்டணம். அதில் ஒரு பங்கு எழுதும் பிள்ளைகளுக்கு, மீதி மையத்துக்கு. ஆடிட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு, இதுக்கு நான் தாராளமா கையெழுத்துப் போடுவேன் என்றார். வெளிநாட்டுப் பணம் நின்ற மறுநாள் காலை நான் வேண்டுமென்றே அந்த ஊருக்கு முதல் பஸ்ஸில் போனேன். மையம் சாயங்காலம்தான் திறக்கும் என்று தெரிந்தே போனேன். பவித்ராவின் அப்பா மையத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

எல்லா இடத்திலும் இது செல்லுபடியாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து மையத்தில் இதே யோசனையைத் தூக்கிக்கொண்டு போனேன். "எங்க மொய் எங்களோட இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டார்கள். அங்கே முந்திரிக் காலத்தில் வீட்டுக்கு ஒரு படி கொட்டை என்று ஆரம்பித்து, இப்போது அதில் ஓடுகிறது. ஓர் ஊருக்குத் தைத்த சட்டை அடுத்த ஊருக்குப் பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

பவித்ரா தேர்வில் தேறி இப்போது அரசு வேலையில் இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு மையத்திலிருந்து போய் மொய் நோட்டு எழுதிக் கொடுத்தோம். மாப்பிள்ளையையும் அவளேதான் பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் பிறகு கோயம்புத்தூரில் மகளோடு தங்கிவிட்டார். நானும் ஓய்வு பெற்றேன். வேலையில் இருந்தவரை நான் மையத்துக்கு ஒரு ரூபாய் மொய் வைத்ததில்லை. சம்பளம் வாங்குபவர் மொய் வைக்கக் கூடாது என்பது டீச்சர் விதி. வைத்தால் முதலாளி நினைப்பு வந்துவிடும் என்பார். ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் ஆனியில், எறையூர்ப் பக்கத்து மையத்து விசேஷத்துக்கு மற்றவர்களைப் போலவே பத்திரிகை வந்தது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். வரவேற்பார்கள், மேடையேற்றுவார்கள், சால்வை போடுவார்கள் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மேசையில் இருந்த பெண்ணை நான் பார்த்ததே இல்லை. பதினாறு, பதினேழு வயதிருக்கும். பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் நிமிராமல் கேட்டாள்.

"பேரு சொல்லுங்க ஐயா."

எனக்குச் சுருக்கென்றது. "கலியபெருமாள்" என்றேன். அப்பா பெயர் கேட்டாள். ஊர் கேட்டாள். தெரு கேட்டாள். என்ன உறவு என்று கேட்டாள். அதற்கு மட்டும் நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "தெரிஞ்சவங்கன்னு போட்டுக்கவா ஐயா?" என்றாள். தலையாட்டினேன். ரசீதைக் கிழித்து நீட்டினாள். "சாப்பிட்டுப் போங்க. வூட்டுல விசேஷம்னா மறக்காம பத்திரிகை வைங்க, நாங்க வந்து செய்யணும்."

ஓரமாகப் போய் டீச்சருக்குப் போன் போட்டேன். "டீச்சர், என்னை யாருன்னே தெரியல இங்க."

"பேரு கேட்டாளா?"

"கேட்டா."

"அஞ்சு கேள்வியும்?"

"அஞ்சும் கேட்டா டீச்சர்."

 "இனிப்பு டப்பாவைத் தொறந்துடு கலியபெருமாள்" என்றார். நடு ஷாமியானாவில் நின்று நான் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தேன். என் மனைவி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சரண்யாவுக்கு இருநூறு சொல் எழுதித் தரவில்லை. அந்த ரசீதைப் பீரோவிலிருந்து எடுத்துப் படம் பிடித்து அனுப்பி, பதினான்காவது கேள்விக்கு இதை ஒட்டிவிடு என்றேன். அதில் என் பெயர் இருக்கிறது, அப்பா பெயர், ஊர், தெரு எல்லாம் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் 'புதியவர்' என்று இருக்கிறது.